ஓடாத வண்டிக்கும் வயதாகும்: நானே செய்து பார்த்த தவறுகள்

போன மாதம் என் அலுவலகத்து இளைஞர் ஒருவர் பழைய கார் வாங்கினார். 2011 ஜனவரியில் பதிவான வண்டி. மீட்டரில் 28,000 கிலோமீட்டர்தான். "டாக்டர் வண்டி சார், கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடியிருக்கிறது" என்றார். அதிகம் ஓடாத பழைய கார்களையெல்லாம் டாக்டர்கள்தாம் வைத்திருந்தார்கள் என்பது நம் ஊர் கார் சந்தையின் ஐதீகம்.

முன்கண்ணாடியின் மூலையில் மெக்கானிக் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது: "அடுத்த ஆயில் 34,000". ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி இது. அந்த ஸ்டிக்கரை நம்பினால் உள்ளே இருக்கும் ஆயில் இன்னும் மூன்று ஆண்டு அங்கேயே கிடக்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் அச்சடித்திருப்பது வேறு: "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது." முதல் பாதியைப் படித்துவிட்டு மூடி வைப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் வண்டி 2009-இல் வாங்கிய சின்னப் பெட்ரோல் கார். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குப் போக வர தினமும் 11 கிலோமீட்டர். ஆண்டுக்கு 3,000-ஐத் தொட்டால் அதிகம்.

டயருக்குக் காற்று பாருங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை.

தண்ணீர்தானே என்று ஊற்றுவது

இளைஞரின் வண்டியில் பானட்டைத் தூக்கியதும் என் கண் போன இடம், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் இருக்கும் கூலன்ட் டப்பா. உள்ளே இருந்தது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு திரவம். "அளவு மேல் கோட்டில்தான் இருக்கிறது சார்" என்றார் பெருமையாக. 2016-இல் நானும் இதே பெருமையோடுதான் இருந்தேன்.

என் வண்டியில் அப்போது மாதத்துக்கு ஒரு விரல் அளவு டப்பா குறைந்துகொண்டிருந்தது. ஏன் குறைகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சமையலறை ஃபில்டரிலிருந்து ஒரு சொம்பு பிடித்து ஊற்றிவிடுவேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து, 'நான் ஆர்.ஓ. தண்ணீர் அல்லவா ஊற்றுகிறேன்' என்று மனதுக்குள் ஒரு மிதப்பு வேறு.

அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் அருகே ஏ.சி.யிலிருந்து வெறும் சூடான காற்று வந்தது. வெப்பமானியின் முள் முக்கால் அளவுக்கு ஏறியிருந்தது. ஏ.சி.யை அணைத்தேன். சிறிது நேரத்தில் முள் தானாகவே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. "அப்பாடா" என்று தொடர்ந்து ஓட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே திட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எஞ்சின் குளிர்ந்ததால் முள் இறங்கவில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும் மிஞ்சியதால்தான் முள் இறங்கியது. மதுராந்தகத்துக்குள் நுழைவதற்குள் 'கடகட' என்று ஓர் ஓசை, பிறகு நிசப்தம். ஏரி காத்த ராமர் இருக்கும் ஊர். என் எஞ்சின் அவர் கணக்கில் வரவில்லை.

பிரித்துப் பார்த்ததில், எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத் துளையை அடைத்திருக்கும் வட்ட இரும்புத் தகடு உள்ளிருந்தே துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. மாதம் ஒரு விரல் குறைந்தது அந்த வழியாகத்தான். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒழுகாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் எரிந்துவிட்டது, அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமன் செய்து, கேஸ்கெட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் மாற்றி, வண்டியைக் கட்டி இழுத்துவந்த வாடகையும் சேர்த்து 38,000 ரூபாய். அப்போது வண்டி ஓடியிருந்தது வெறும் 21,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் தண்டம். நான்கு லிட்டர் கூலன்ட்டின் விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

கூலன்ட் என்றால் கொதிக்காமல் இருக்க ஊற்றும் பச்சைத் தண்ணீர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொதிநிலை அதன் பாதி வேலைதான். அந்தப் பாதியில்கூட ரேடியேட்டர் மூடிக்குப் பெரிய பங்கு உண்டு. மூடி ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து கல்லாகிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். கூலன்ட்டின் மறுபாதி வேலை துருவைத் தடுப்பது. இரும்புத் தகடு, அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய பிளாக், அலுமினிய ரேடியேட்டர் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நின்றால் ஒன்றை ஒன்று அரிக்கும். அதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் கூலன்ட்டில் கரைந்திருக்கின்றன. வண்டி ஓடினாலும் நின்றாலும் அவை ஆண்டுக்கு ஆண்டு தீர்ந்துகொண்டே போகும். நான் ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் மிச்சம் இருந்ததையும் நீர்க்கச் செய்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் படிவு குறைவு, அவ்வளவுதான். துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி அடிக்கடி பட்டறைக்குப் போகும், யாராவது ஒருவர் டப்பாவை எட்டிப் பார்ப்பார். நம் வண்டி அங்கே போவதே இல்லை. போனாலும், "40,000-இல் மாற்றிக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். என் வேகத்தில் அது பதின்மூன்று ஆண்டு.

உங்கள் கையேட்டில் கூலன்ட்டுக்கு எத்தனை ஆண்டு என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ இருக்கும். கிலோமீட்டரை மறந்துவிட்டு அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் நிறுவனம் கலக்கும் சாயம், தரத்துக்கு அடையாளம் இல்லை. கையேடு சொல்லும் வகையை வாங்குங்கள். அடர்த்தியாக வருவதை வாங்கினால் கலக்க வேண்டியது பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர். கலந்தே வருவதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்க வேண்டாம். டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்ட வண்டியில் கடும் ரசாயனம் ஊற்றி அலசச் சொல்வார்கள். நான் அதைச் செய்யவில்லை, இளைஞரையும் செய்யவிடவில்லை. பல இடங்களில் துருவே அடைப்பாக நிற்கும். அதைக் கரைத்தால் ஒழுகத் தொடங்கும். டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, சூடாகும் வரை ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, தெளிவாக வரும் வரை மூன்று நான்கு முறை இப்படிச் செய்தோம்.

அந்த வண்டியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அரை மணி நேரம் ஓட்டியும் முள் மேலே வரவே இல்லை. எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். "அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகாது" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னமும் இருக்கிறார்கள். சொல்வது உண்மைதான், சூடாகாது, எப்போதுமே சூடாகாது. ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

குறுந்தூரத்தை லேசான ஓட்டம் என்று நினைப்பது

பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. குளிர்ந்த எஞ்சினில் அந்த ஈரத்தில் கொஞ்சமும், எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகிச் சிறிது நேரம் ஓடினால் அவை ஆவியாகி வெளியேறிவிடும். கிண்டி போய்ச் சேர்வதற்குள் என் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடாகியே இருக்காது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பால் காபி நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தால் ஈரம் சேர்கிறது என்று பொருள். கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். கூலன்ட் குறையவில்லை என்றால் பெரும்பாலும் குறுந்தூர ஓட்டத்தின் வேலைதான்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை ஆயில், 3,000 ஓடினாலும் சரி, 1,500 ஓடினாலும் சரி. ஞாயிறு காலையில் வண்டலூர் வரை போய்த் திரும்புகிறேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து வைப்பது

பேட்டரிக்கு நல்லது என்று தினமும் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது அடுக்குமாடிப் பெரியவர்களின் காலைக் கடமை. ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தை அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சைலன்ஸருக்குள் தேங்கும் தண்ணீர் மட்டும் உறுதி. ஓட்டுங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

டயரில் பட்டனை மட்டும் பார்ப்பது

டயர் தரையைத் தொடும் பக்கத்தின் வரிப்பள்ளங்களைத்தான் பட்டன் என்கிறோம். அது ஆழமாக இருக்கும், விரலால் தடவினால் புதிது போலவே தோன்றும். டயரின் பக்கவாட்டில் சிறு கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3412 என்றால் 2012-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம் செய்த டயர். வெயிலில் நின்றே ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் வந்துவிடும். மழையில் அது சாலையைப் பிடிக்காது, நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கவும் கூடும். ஆறாம் ஆண்டிலிருந்து நான் சந்தேகத்தோடு பார்ப்பேன், பத்தைத் தாண்டினால் பட்டன் எப்படி இருந்தாலும் ஓட்டமாட்டேன். சில டயர்களில் இந்த எண் உட்பக்கமாக இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் பாருங்கள். அது ஒருநாளும் தரையைத் தொட்டிராத முதியவர்.

பிரேக் ஆயில்

காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம் அது. புதிதாக இருக்கும்போது டாட் 3 வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடும். ஏற்காடு மலையிலிருந்து இறங்கும்போது பெடல் ஸ்பாஞ்சாக அமுங்கினால், பிரேக் சூட்டில் திரவம் கொதித்து ஆவியானதுதான் காரணம் என்று புரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். டப்பாவில் குறைந்ததை நிரப்புவதை மாற்றுவது என்று சொல்லமாட்டார்கள்.

டைமிங் பெல்ட்

எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைப்பது இது. ரப்பர் பெல்ட் என்றால் அதற்கும் வயதாகும். மாருதியின் கே சீரிஸ் எஞ்சின்களில் செயின். பழைய சான்ட்ரோ சிங்கிலும் மாருதி 800-இலும் ரப்பர் பெல்ட். உங்கள் வண்டியில் எது என்றே தெரியாமல் இருப்பதுதான் தவறு.

பெட்ரோல் குழாய்

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பெரும்பாலும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ வாடையோ இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

வேப்பமரத்தடி

நிழல் நல்லது. ஆனால் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே விழும் இலைகள் மழைநீர் வடியும் துளையை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே கால்மிதிக்கு வரும். மாதம் ஒருமுறை கையை விட்டு அள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் விடுவது

பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

எலி

வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். வேறு மருந்து எனக்கு வாய்க்கவில்லை.

பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றுவது

மதுராந்தகத்துக்குப் பிறகு இதையும் செய்தேன். நன்றாக இருந்த இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தேன், ஒழுகாத ஷாக் அப்சார்பர்களை மாற்றினேன், ஏ.சி.யில் இருந்த வாயுவை வெளியேற்றிப் புதிதாக நிரப்பினேன். அதில் பாதி வீண் செலவு, ஒன்று புதுத் தொல்லை. ரப்பர், திரவம், பேட்டரி இவற்றுக்கு ஆண்டுக் கணக்கு. உலோகம் தேயும் பாகங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு. 28,000 ஓடிய வண்டிக்கு கிளட்ச் மாற்றச் சொன்னால் வேறு பட்டறை தேடுங்கள். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் முன்புதான் பலருக்கு இந்த மாற்றும் வெறி வருகிறது. எதை எந்தத் தேதியில் மாற்றினேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தால் அப்போது தடுமாற வேண்டியிருக்காது. தேதிதான் முக்கியம். மீட்டர் எண்ணை இடம் இருந்தால் எழுதுங்கள்.

இளைஞரின் வண்டிக்குப் புது தெர்மோஸ்டாட், புது மூடி, புதுக் கூலன்ட், புது ஆயில் எல்லாம் ஆயிற்று. போன வாரம் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பளிச்சென்று பச்சை. "இப்போது திருவண்ணாமலை போகலாமா சார்?" என்று கேட்டிருந்தார். டயரின் நான்கு இலக்க எண்ணைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். உட்பக்கமாக இருந்ததால் கண்டுபிடிக்க நேரம் ஆனதாம். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: 4410.