அறைச் சூட்டைக் கழித்துப் பாருங்கள்: கேமிங் பிசியின் டெம்பரேச்சரைப் படிக்கும் முறை

மே மாதம் வந்தால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருப் பசங்களிடமிருந்து எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே ரகம். "அக்கா, எண்பத்தி மூணு காட்டுது, பிராசஸர் போயிடுமா?" நான் திருப்பிக் கேட்பேன்: ரூம்ல எவ்ளோ சூடு? அப்போ என்ன ஓடிட்டு இருந்துச்சு? இரண்டுக்கும் பதில் இல்லாமல் 83ஐ வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

பிராசஸர் மேல் நாம் போடும் எந்தக் கூலரும், தண்ணீர் ஓடும் ஏஐஓ உட்பட, சிப்பை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது. காற்றுக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்தும் என்பதில்தான் நல்ல கூலருக்கும் மட்டக் கூலருக்கும் வித்தியாசம். யூட்யூபில் ஒருவர் 22 டிகிரி அறையில் 65 காட்டுகிறார் என்றால் வித்தியாசம் 43. அதே கூலர் மொட்டை மாடிக்கு நேர் கீழே 36 டிகிரி அறையில் 79 பக்கம் நிற்பதுதான் நியாயம். பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். பசங்க ஹெட்செட் மாட்டி உட்காருவதும் அந்த நேரம்தான்.

ஆகவே முதல் செலவு ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதைச் சுவரில் மாட்டாதீர்கள். கேபினெட் காற்றை இழுக்கும் முன்பக்கத்தில் வையுங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிய பிசி, தான் வெளியே தள்ளிய சூட்டுக் காற்றையே மறுபடி இழுக்கும். அங்கே அளந்தால் அறையின் நடுவில் இருப்பதைவிடச் சில டிகிரி கூடவே காட்டும். பிசியை ஒரு முழம் நகர்த்தினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது ஹெச்டபிள்யூ இன்ஃபோ, பிசிக்குள் இருக்கும் சென்சார்களைப் படித்துக் காட்டும் சாஃப்ட்வேர். இலவசம். திறக்கும்போது 'சென்சார்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் 2020 மே அப்டேட்டுக்குப் பிறகு தனி கிராபிக்ஸ் கார்டின் சூடு தெரியும், பிராசஸருடையது தெரியாது. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் திரையில் பார்ப்பதும் வேண்டாம். அங்கே பிராசஸர் முழுதாக ஓய்வுக்குப் போவதில்லை, விண்டோஸில் சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

ஹெச்டபிள்யூ இன்ஃபோவின் நீண்ட பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். ஏஎம்டி ரைசன் என்றால் 'டிசிடிஎல்/டிடை' என்ற வரி, இன்டெல் என்றால் 'சிபியு பேக்கேஜ்', கார்டுக்கு 'ஜிபியு டெம்பரேச்சர்', 'ஹாட் ஸ்பாட்' (கார்டின் சிப்பிலேயே அதிகம் சுடும் இடம்). எஸ்எஸ்டியையும் ஒரு பார்வை பாருங்கள், 70 தாண்டாமல் இருந்தால் போதும். மதர்போர்டு பகுதியில் 'ஆக்ஸ்டின்' என்று ஒரு வரி 127 டிகிரி காட்டிப் பயமுறுத்தலாம். அந்த வரிக்குச் சென்சாரே இணைத்திருக்க மாட்டார்கள், வெறும் குப்பை எண். ஆடாமல் அசையாமல் ஒரே எண்ணில் நிற்கும் வரியை நம்பாதீர்கள். பழைய ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் டிசிடிஎல் நிஜச் சூட்டைவிட 20 டிகிரி கூட்டித்தான் சொல்லும். ஃபேன் வேகத்தை முடிவுசெய்ய ஏஎம்டியே வைத்த கணக்கு அது.

அளக்கும் விதம்: பிசி பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும். ரைசன் இந்த நேரத்திலும் 40க்கும் 55க்கும் இடையில் குதிக்கும். பிரவுசர் திறந்தாலே ஒரு கோர் முழு வேகத்துக்குப் போவதால் வருவது, விட்டுவிடுங்கள். பிறகு ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் கீழே உள்ள கடிகாரப் பட்டனை அழுத்தி மினிமம், மேக்ஸிமம் எண்களை அழித்துவிட்டு, பிராசஸரை முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அதன் பிறகு நீங்கள் வழக்கமாக ஆடும் கேம், அரை மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் அறைச் சூட்டையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

சூட்டின் எல்லை எவ்வளவு என்பது சிப்பைப் பொறுத்தது. ரைசன் 5 5600க்கு 90, 7600எக்ஸுக்கு 95, ஐ5 12400க்கு 100, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 93. எல்லையைத் தொட்டால் வெடிக்காது. கத்திரி வெயிலில் மூட்டை தூக்குகிறவர் நடையைத் தளர்த்துவதுபோல் சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால்தான் பிசி தானாக அணைந்துபோகும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இன்றைய கார்டுகள் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டாமல் தம்மைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. அதனால் சில கார்டுகள் மார்கழியிலும் 80 காட்டும், மே மாதத்திலும் 82தான் காட்டும். மாறியிருப்பது ஃபேன் வேகமும் கிளாக்கும், அதாவது சிப் ஓடும் வேகமும். 7600எக்ஸ் வகையறா முழு லோடில் 95க்கு ஏறி நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. நல்ல கூலர் போட்டாலும் 95 காட்டலாம், கிளாக்கின் மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூடும். ஆகவே டெம்பரேச்சர், ஃபேனின் ஆர்பிஎம், கிளாக், மூன்றையும் சேர்த்தே படியுங்கள். 'தெர்மல் த்ராட்லிங்' வரியில் 'யெஸ்' என்று வந்தால் வேகம் குறைந்ததற்கு அதுவே சாட்சி.

எங்கே கோளாறு என்பதைச் சூடு ஏறும் விதம் காட்டிக்கொடுக்கும். சினிபெஞ்ச் தொடங்கிய இரண்டு மூன்று நொடியில் எல்லைக்குத் தாவினால் கூலர் சரியாக உட்காரவில்லை, அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கிறது, சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஏஐஓவின் பம்ப் நின்றுவிட்டது. கார்டில் ஹாட் ஸ்பாட்டுக்கும் சாதாரண எண்ணுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 30க்குப் போனால் அங்கேயும் பேஸ்ட்தான் சந்தேகம். மெதுவாக, இருபது நிமிடத்தில் ஏறினால் காற்றோட்டம். பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே கேமை ஆடுங்கள். மூன்று நான்கு டிகிரி இறங்கினால் கேபினெட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்து இறங்கினால் உங்கள் ஆர்ஜிபி கேபினெட்டின் முன்கண்ணாடி மூச்சை அடைக்கிறது. ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று சந்தேகமா, ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் பொதுவாகக் காற்று வெளியேறும்.

எங்கள் பக்கத்துத் தூசி வேறு. கண்டெய்னர் லாரி கிளப்பும் புழுதியோடு கடற்காற்றின் ஈரமும் உப்பும் சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், புளோயருக்கு அசையாது. பிசியை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (கரன்ட் கொடுக்கும் பெட்டி) வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகு ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். காசிமேட்டுப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து ஆடுகிறவர்கள் முன் ஃபில்டரை மட்டுமாவது மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதே கேமை மறுபடி அரை மணி நேரம் ஆடி, அறைச் சூட்டைக் கழித்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.