பதினாறு முடிந்த பிறகு

காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உறவினர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரியும். அதுவரை அழுவதற்குக்கூடத் துணை இருக்கும். நான் சொல்லப்போவது அதற்கடுத்த மாதங்களைப் பற்றி. கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மனைவி என்பதைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் சான்றிதழ் வேலையைக் கையில் எடுங்கள். "நீங்கள் ஏன் அலைய வேண்டும் அம்மா" என்று பிள்ளைகள் தடுப்பார்கள். துணைக்கு வரட்டும், பேசுவதும் கையெழுத்திடுவதும் நீங்களாக இருங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். வீட்டில் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். சான்றிதழில் பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு மனு, பாங்க் கணக்கு, ரேஷன் அட்டை, மின் இணைப்பு.

இதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்பீர்கள். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் "என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். முதல் இடத்தில் எனக்குக் குரலே வரவில்லை. போகப் போக வந்தது. எதிரே இருப்பவர் நம்மோடு அழ மாட்டார், ஜெராக்ஸ் எங்கே என்று கேட்பார். உறவுக்காரர்களின் கண்ணீரைவிட அந்த வறட்சி எனக்கு நன்றாக வேலை செய்தது.

துக்கம் விசாரிக்க வருபவர்கள் "எல்லாம் அவன் செயல்", "கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்பார்கள். காபி கொடுத்துவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "அவரை முதலில் எங்கே பார்த்தீர்கள்?" பேச்சு உடனே உயிர் பெறும். எங்கள் கடையில் பழுதுபார்க்க விட்டிருந்த சைக்கிள்கள் நின்றன. சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடப் பையன்களிடம் பஞ்சருக்குக் காசு வாங்கியதில்லை என்று ஒருவர் சொன்னார். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு, செயின் அறுந்த அன்று என் வீட்டுக்காரர் தன் சொந்த சைக்கிளையே கொடுத்து அனுப்பினாராம். ஒரு வாரமாக அவருடைய சைக்கிள் எங்கே போயிற்று என்று நான் சண்டை போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று சிரித்தேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

பொட்டை அழிக்கச் சொன்னார்கள். வைத்துக்கொண்டேன். இதில் விவாதத்துக்கு இடமே கொடுக்கக்கூடாது.

உடம்பைக் கவனியுங்கள். நெஞ்சு வலித்தால் "கவலைதான்" என்று சுக்குக் கஷாயத்தோடு நிறுத்தாமல் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், பெரிய துக்கம் இதயத்தையே தாக்கக்கூடும். ஒருவருக்காகச் சமைக்கத் தோன்றாது. ரசமும் சோறும் போதும், வேளை தவறாமல்.

நம்பிக்கை தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். தினக் காலண்டரில் அடுத்த மாதத்துத் தாள் ஒன்றில் ஏதாவது எழுதி வையுங்கள். மதுரையில் மகள் வீடு, பக்கத்து வீட்டு வளைகாப்பு, கண் பரிசோதனை, எதுவானாலும் சரி. முதல் தீபாவளி எப்படியும் கொடுமைதான். அன்று எங்கே இருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மாதக்கணக்கில் எழ முடியவில்லை, சாக வேண்டும் என்றே தோன்றுகிறது என்றால் அது உங்கள் பலவீனம் அல்ல. நீண்டுபோகும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். சாகும் எண்ணம் வந்தால் ஆறு மாதம் ஆகட்டும் என்று பார்க்காமல் அன்றே பேசுங்கள்.

கடையை விற்பது, வீட்டை மகன் பெயருக்கு மாற்றுவது, நகையைப் பிரிப்பது எதையும் முதல் வருடத்தில் செய்யாதீர்கள். "தலைத் திவசம் முடியட்டும்" என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது. கைமாற்று கேட்டு வருபவர்களுக்கும் அதே பதிலைச் சொல்லலாம்.