மலை நகரங்களை ஆய்வு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியையும் கொடைக்கானலையும் பற்றி ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் சேர்த்த தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலையில் பாதி. நகர வரலாறு படிக்கிறவர், நிலச்சரிவை ஆராயும் சிவில் மாணவர், பழைய மழைப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுகிறவர் என்று பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். எங்கள் தலைமுறை இடறிய அதே கல்லில்தான் இவர்களும் வந்து இடறுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பிறர் எழுத்தை எடுத்துப் போடுவது, பேக்கப் வைக்காமல் லேப்டாப்பைத் தொலைப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எல்லாக் கைடும் (ஆய்வு வழிகாட்டியும்) முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

## எல்லை மாறியது தெரியாமல் எண்களை ஒப்பிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மாணவி எக்செல் தாள் ஒன்றைக் காட்டினார். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை. 1871-இல் சுமார் 50 ஆயிரம், 1881-இல் சுமார் 91 ஆயிரம். வரைபடத்தில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. அதன் கீழே ‘தோட்டத் தொழிலின் அபார வளர்ச்சி’ என்று ஒரு குறிப்பு. அந்த ஒரு கோட்டை நம்பி இரண்டு அத்தியாயம் எழுதி முடித்திருந்தார்.

1871-இல் எண்ணிய நீலகிரியும் 1881-இல் எண்ணிய நீலகிரியும் ஒரே பரப்பு இல்லை. இடையில், 1873-இல் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு மாவட்டத்தோடு சேர்ந்தது. 1877-இல் தென்கிழக்கு வயநாடு, அதாவது இன்றைய கூடலூர், பந்தலூர் பக்கம், மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரிக்கு வந்தது. ஆக அந்த ஏற்றத்தில் ஒரு பெரும் பங்கு, இருந்த இடத்திலேயே இருந்து மாவட்டம் மாறிய மக்கள். அவர்கள் எங்கிருந்தும் குடியேறி வரவில்லை. எல்லைக் கோடுதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது.

இதோடு முடியவில்லை. 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கம் தோண்டும் மோகம் உச்சத்தில் இருந்தது. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனிகள் அங்கே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. சில ஆண்டுகளிலேயே எல்லாம் மூடிக்கொண்டன. 1881 பிப்ரவரியில் தலை எண்ணியபோது அந்தக் கூட்டம் காட்டுக்குள்தான் இருந்தது. அதற்கு முன்பு, 1876 முதல் 1878 வரை சமவெளியில் தாது வருஷப் பஞ்சம். இத்தனையும் ஒரே எண்ணுக்குள் புதைந்து கிடக்கும்போது, காப்பித் தோட்டத்துக்கு மட்டும் மாலை போட்டால் எப்படி?

எண்ணிய நாளையும் பாருங்கள். 1871 கணக்கெடுப்பு நவம்பர் 15-இல் நடந்தது. 1881-இல் பிப்ரவரி 17, 1891-இல் பிப்ரவரி 26, 1901-இல் மார்ச் 1. ஊட்டி யாருடைய ஊர்? சென்னை அரசாங்கமே 1870 முதல் கோடைக்கு மலையேறி வந்த ஊர். கவர்னர், செயலாளர்கள், குமாஸ்தாக்கள், அவர்களுடைய சமையல்காரர்கள், குதிரைக்காரர்கள், பின்னாலேயே வரும் கடைக்காரர்கள் என்று ஊர் நிறைவது ஏப்ரலில்தான். பிப்ரவரியில் எண்ணியது சீசன் இல்லாத ஊட்டியை. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஏன் இவ்வளவு பெரிதாகத் திட்டமிட்டார்கள் என்று அந்த எண்ணை வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. திட்டம் போட்டவர்கள் மே மாதத்தை மனத்தில் வைத்துப் போட்டார்கள்.

அந்த மாணவிக்கு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: “1871-இல் கூடலூர் எந்த மாவட்டம்மா?” பதில் இல்லை. திருத்தி எழுத ஒரு வருஷம் போயிற்று, உதவித்தொகையும் அதற்குள் நின்றுவிட்டது. அவருடைய கைடும் அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்தான். பிள்ளை மட்டும் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதே தவறு ஆவணக் காப்பகத்தில் வேறு வேஷத்தில் வரும். இன்னொருவர் 1830-களின் ஊட்டி நில ஒதுக்கீடுகளைத் தேடிச் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் கோயம்புத்தூர் மாவட்டப் பதிவுகளைப் புரட்டினார். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், ஆகவே அங்கேதான் இருக்கும் என்று கணக்கு. ஒன்றும் அகப்படவில்லை. உடனே, ‘அந்தப் பத்தாண்டில் அரசு மலையைக் கவனிக்கவே இல்லை’ என்று எழுதிவிட்டார். நடந்தது என்னவென்றால், 1830-இல் மலையின் பெரும்பகுதியை மலபார் மாவட்டத்தோடு சேர்த்தார்கள், 1843-இல்தான் அது கோயம்புத்தூருக்குத் திரும்பியது. அவர் தேடிய தாள்கள் மலபார் கலெக்டரின் கடிதப் போக்குவரத்தில் கிடக்கும், சிலவற்றுக்குக் கோழிக்கோடு வரை போக வேண்டும். தேடிய அலமாரியில் தாள் இல்லை என்பதை வைத்து, சம்பவமே நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது ஆய்வு ஆகாது.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் இது பொருந்தும். கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது, அப்புறம்தான் திண்டுக்கல். மாவட்டப் பெயரை வைத்து இரண்டு அட்டவணைகளைக் கணினியில் இணைத்தால், 1981 வரிசையில் திண்டுக்கல்லுக்கு நேரே வெற்றிடம் வரும், மதுரை திடீரென்று இளைத்துப்போகும். நிரல் பிழை எதுவும் காட்டாது. ஓடி முடித்து அழகான படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எந்த அட்டவணையைத் தொடும் முன்பும் ஒரு பக்கத்தில் எல்லை வரலாறு எழுதுங்கள்: எந்த ஆண்டு, எந்தெந்தத் தாலுகா, யார் நிர்வாகம், எண்ணிய தேதி. நீலகிரிக்கு 1868-இல் தனி நிர்வாகம் வந்ததிலிருந்து தொடங்கலாம். பிறகு மாவட்ட எண்ணை விட்டுவிட்டுத் தாலுகா, கிராமம் வரை இறங்கி, எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே பரப்பு வரும்படி நீங்களே கூட்டுங்கள். பழைய கணக்கெடுப்புத் தொகுதிகளில் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஓடும் குறிப்புகளில்தான் பாதி விடை இருக்கும். போட்டோ எடுக்கும்போது அந்த அடிப்பகுதியைத்தான் எல்லாரும் வெட்டிவிடுகிறார்கள்.

2001-இல் 7,62,141 பேர் இருந்த மாவட்டம் 2011-இல் 7,35,394 ஆனது. இந்த இரண்டுக்கும் மாவட்ட எல்லை ஒன்றுதான். இங்கே ‘ஏன் குறைந்தது, யார் இறங்கிப் போனார்கள், தேயிலை விலையா வேறு காரணமா’ என்று தாராளமாகக் கேட்கலாம். எல்லையைச் சரிபார்த்த பிறகு எழும் கேள்விக்குத்தான் மதிப்பு.

## அடியை மீட்டராக எடுப்பது

பழைய நில அளவைத் தாள்களில் சம உயரக் கோடுகள் அடிக் கணக்கில் இருக்கும், புதியவற்றில் மீட்டர். தாளை ஸ்கேன் செய்து மென்பொருளில் ஏற்றும் பிள்ளைகள் அலகைப் பார்ப்பதே இல்லை. ஊட்டிக்காரர்களுக்கு இதைச் சோதிக்கச் சுலபமான இடம் ஒன்று உண்டு, முத்தோரை. 1970-இல் அங்கே அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை, மலைச்சரிவும் வடக்கு தெற்காக அதே 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகப் படுத்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வான்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததே இதற்காகத்தான். உங்கள் வரைபடத்தில் அதே சரிவு 32 பாகை என்று வந்தால், அடியை மீட்டராக எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிலச்சரிவு அபாய வரைபடம் போடுகிறவர்கள் தயவுசெய்து இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மேலே போங்கள். அந்த வரைபடத்தை நம்பி யாராவது வீடு கட்டுவார்கள், அல்லது கட்டாமல் விடுவார்கள்.

வரைபடம் இடம் தள்ளிப்போவதும் இதோடு சேர்ந்ததுதான். பழைய இந்திய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியை) அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். வேறு நீள்கோளத்தில் ஓடுகிறது. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளும். சமவெளி வயலில் அது பெரிதாகத் தெரியாது. ஊட்டியில் கரையில் இருந்த கட்டடம் ஏரிக்குள் போய்விடும். ஏரி உண்மையிலேயே சுருங்கிய ஊர் இது, பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் பழைய ஏரிப் பரப்பு. ஆகவே எது ஏரியின் சுருக்கம், எது வரைபடத்தின் பிசகு என்று பிரிக்க முடியாமல் போகும். 1830-களிலிருந்து நகராமல் நிற்கும் செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் போன்ற கட்டடங்களை முதலில் பொருத்திப் பாருங்கள். அவை ஒன்றின்மேல் ஒன்று விழுந்த பிறகு ஏரிக்கு வாருங்கள்.

## ஒரு மழைமானியை வைத்து மலை முழுவதையும் பேசுவது

2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பக்கத்திலேயே இருக்கும் ஊட்டியில் அதன் அருகில்கூட வரவில்லை. மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவத்தில் நனையும், குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவத்தில் நனையும். ‘நீலகிரியின் சராசரி மழை’ என்று ஒரே எண்ணை எழுதினால், எந்த நிலையம் என்றும் எழுதுங்கள்.

காலை 8.30-க்கு அளக்கும் மழை அந்தத் தேதியில் பதிவாகும், பெய்தது பெரும்பாலும் முந்தைய நாள். நிலச்சரிவு நடந்த தேதியோடு பொருத்தும்போது இது இடறும்.

பதிவு இல்லாத வெற்றுக் கட்டத்தில் பூஜ்ஜியம் போடாதீர்கள். அளக்காதது வேறு, மழை பெய்யாதது வேறு.

## கொடைக்கானல் சூரியத் தட்டுகள்

1904 முதல் சூரியனைப் படமெடுத்த கண்ணாடித் தட்டுகள் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் உள்ளன, அவற்றை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் கண்டதும் இங்கேதான். கணினி மாணவர்கள் ஆயிரக்கணக்கான படங்களை இறக்கி நேரே இயந்திரக் கற்றலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். படத்தில் எந்தப் பக்கம் வடக்கு, குறித்திருக்கும் நேரம் சரிதானா, தட்டின் தரம் எந்தப் பத்தாண்டில் மங்கியது என்று பார்ப்பதில்லை. மாவட்ட எல்லைக்குச் சொன்னது இங்கேயும் அப்படியே செல்லும். நூறாண்டுத் தொடரில் சூரியன் மாறியதா, படமெடுத்த விதம் மாறியதா என்று முதலில் பிரிக்க வேண்டும். சில தட்டுகளையாவது கண்ணால் பாருங்கள்.

## கூடலூர்

நீலகிரியில் ஒன்று, தேனியில் ஒன்று. ஊர்ப்பெயரை வரைபடப் புள்ளியாக்கும் நிரல் எதைத் தேர்ந்தது என்று பாருங்கள்.

## கோப்பு எண் இல்லாத போட்டோ

காப்பகத்தில் எடுக்கும் முதல் படம், எண் தெரியும்படி கோப்பின் மேலட்டையாக இருக்கட்டும். இல்லையென்றால் அந்தத் தாளை மேற்கோள் காட்ட முடியாது.

## தொதவர் மந்துக்குக் கேட்காமல் போவது

மந்து என்பது தொதவர் குடியிருப்பு. கேட்காமல் போகக் கூடாது. பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். எழுதி முடித்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

## மே மாதத்தில் கள ஆய்வு

2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சீசனில் அறை வாடகை ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது, ஊட்டியில் சேரிங்கிராஸ் சந்திப்பைத் தாண்டவே அரை நாள் போகும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும், அலுவலகங்களில் உட்கார்ந்து பேச ஆளும் இருப்பார்கள். காலையில் உறைபனி இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.