மெம்பிரேனுக்குப் பூச்சு: எங்கே சறுக்குகிறோம்?

கடலூர் சிப்காட் பக்கம் ஆர்ஓ பிளான்ட் பார்த்துக்கொள்கிறவர்களிடம் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "இது கோட்டிங் போட்ட மெம்பிரேன் சார், குளோரின் கொஞ்சம் வந்தாலும் தாங்கும்." தாங்காது.

ஆர்ஓ மெம்பிரேன் என்பது தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டும் சவ்வு. அதில் அடியில் பாலியஸ்டர் துணி, அதன்மேல் பாலிசல்போன், உச்சியில் பாலிஅமைடு. உப்பைத் தடுப்பது அந்த உச்சித் தோல்தான். அதன் கனம் சுமார் 0.2 மைக்ரான். கரடுமுரடான, எதிர்மின்னூட்டம் உள்ள தோல் என்பதால் அழுக்கு எளிதில் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பாலிவினைல் ஆல்கஹாலை மெல்லப் பூசினால் வழவழப்பாகும், மின்னூட்டமும் குறையும், அழுக்கு ஒட்டுவது தாமதமாகும். பூச்சின் வேலை அவ்வளவுதான். தண்ணீர் நுழையும் வழியிலேயே, குளோரின் தண்ணீரில் கரைந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் நுழைந்து பாலிஅமைடைச் சிதைத்துவிடும். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் சிதைவு இன்னும் வேகமாகும். ஆகவே பூச்சு இருந்தாலும் குளோரினை நீக்கும் கார்பன் ஃபில்டரையோ மெட்டாபைசல்பைட் டோசிங்கையோ நிறுத்தக் கூடாது. உள்ளே போகும் தண்ணீரில் குளோரின் 0.1 பிபிஎம்முக்குக் கீழேயே இருக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவுக்கும் இதே கதைதான். அதைத் தடுக்கும் மருந்தான ஆன்டிஸ்கேலன்ட் வேண்டும்.

சரி, புதுச்சேரியில் புராஜெக்டுக்காகத் தாங்களே பூசிப் பார்க்கும் மாணவர்களுக்குக் கொஞ்சம்.

கனமாகப் பூசினால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்காதீர்கள். தோசைக்கல்லில் எண்ணெய் துடைப்பதுபோல் இருக்க வேண்டும். பூச்சு தடித்தால் அதுவே தண்ணீருக்குத் தடை. அழுத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், கரண்ட் செலவு ஏறும். பூசுவதற்கு முன் மெம்பிரேனை நன்றாக அலசுங்கள். உலர்ந்து வரும் தாள்களில் கிளிசரின் ஏற்றியிருப்பார்கள். அது போகாவிட்டால் பூச்சு சரியாகப் பிடிக்காது. அலசியதை வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். பாலிசல்போனின் நுண்துளைகள் சுருங்கி நீரோட்டம் படுத்துவிடும். பிறகு, குறை பூச்சில்தான் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எந்தப் பக்கம் பூசுகிறோம் என்பதையும் பாருங்கள். பளபளப்பாக இருப்பதுதான் வேலை செய்யும் பக்கம். சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை துணிப் பக்கத்தில் பூசிவிட்டு ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது சோதனையில். சொட்டுத் தண்ணீர் நன்றாகப் பரவுகிறதா என்று பார்த்துவிட்டு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் ஒரே தாளில் பூசுவதற்கு முன்னும் பின்னும் நீரோட்டமும் உப்புத் தடுப்பும் அளக்க வேண்டும். அப்புறம் சுத்திகரிப்புக்குப் பயன்படும் காரக் கரைசலில் ஊறவைத்து மறுபடியும் அளக்க வேண்டும். பூச்சுக்குப் பயன்படும் இன்னொரு பொருளான பாலிடோபமைன் பார்க்க அழகாகப் பழுப்பு நிறத்தில் படியும். ஆனால் கடுமையான காரத்தில் கரைய ஆரம்பித்துவிடும். குறுக்கிணைப்புச் செய்யாத, அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்காத, பாலிவினைல் ஆல்கஹாலுக்குக் காரம்கூட வேண்டாம், ஓடுகிற தண்ணீரே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடும்.