அரக்குத் தட்டைத் துடைக்கப் போய்க் கரைத்துவிடாதீர்கள்

பரணில் நாற்பது வருஷம் கிடந்தும் கெடாத கிராமபோன் தட்டு, சுத்தம் செய்த அன்றைக்கே கெட்டுப்போவது சகஜம். பெரும்பாலும் குற்றவாளி ஸ்பிரிட்தான்.

நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் இந்த 78 வேகத் தட்டில் பெரும்பகுதி கல்மாவு. கறுப்புக்குக் கரி, கொஞ்சம் பஞ்சிழை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. மர நாற்காலிக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்குச் செதிலை எதில் ஊறவைத்துக் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். அதே வேலை தட்டின் மேலும் நடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கை சானிடைசர், சென்ட், எல்பி (பின்னால் வந்த வினைல்) தட்டுக்கென்று விற்கும் ஆல்கஹால் கலந்த கிளீனர், எதுவும் கிட்டே வரக்கூடாது. துடைத்த பஞ்சு கறுப்பாக வந்ததும் ‘அப்பா, எவ்வளவு அழுக்கு!’ என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். பஞ்சில் வந்தது அழுக்கு மட்டுமல்ல, பாட்டும்தான். அரக்கு காரத்துக்கும் இளகும் என்பதால் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், சலவை சோடா இரண்டும் ஆகாது.

தண்ணீர் ஆகும், ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். போர் தண்ணீரின் உப்பு காய்ந்து பள்ளக் கோட்டில் தங்கினால் அதுவே புது இரைச்சல். அரை லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் நிறமும் வாசனையும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். வெந்நீர் கூடாது, அரக்கு சூட்டில் இளகி வளையும். பக்கெட்டில் ஊறவைப்பதும் தவறு. தட்டும் கொஞ்சம் ஈரம் இழுக்கும். லேபிளோ சாயம் விட்டு உரிந்தே போகும். லேபிளைக் காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நனைப்பதற்கு முன் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பிலிருந்து கீறல் விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் காய்ந்த துடைப்போடு சரி. பூஞ்சை வெள்ளையாகப் படிந்திருந்தால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துக் காய்ந்த பிரஷால் முதலில் தட்டிவிட வேண்டும். பிறகு கரைசலில் நனைத்த மென்மையான பிரஷை ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுச் சுற்று, பள்ளம் ஓடும் திசையிலேயே விடுங்கள். குறுக்கே தேய்த்தால் தூசி பள்ளத்தின் சுவரையே உரசும். வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்து, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிழலில் சில மணி நேரம் நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் மாலைக்குள் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது பழைய கைவைத்தியம். பளபளப்பு அன்றைக்கு, தூசிப் பசை என்றைக்கும்.

எல்லாக் கறுப்புத் தட்டும் அரக்கு அல்ல. நடு ஓட்டைக்குள் அலுமினியம் மின்னினால் அது ஸ்டூடியோ அசிட்டேட், அதாவது அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய பூச்சு கொடுத்து அதில் நேரடியாகப் பதிந்த தட்டு. தண்ணீர் படுமுன் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கால் அங்குலத் தடிமனுள்ள எடிசன் தட்டு கையில் கிடைத்தால் (1912 முதல் 1929 வரை வந்தவை) ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது, உள்ளே இருக்கும் மரத்தூள் உப்பிவிடும்.

சுத்தம் செய்த தட்டைத் தப்பான முள்ளில் ஓட்டினால் பட்ட பாடு வீண். கிராமபோனின் எஃகு முள் ஒரு பக்கத்துக்கு ஒன்று. கல்மாவு அரைத்து முள் நுனியைப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் எஃகை மென்மையாகச் செய்தார்கள். மூன்று நிமிஷப் பாட்டு முடிந்ததும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், நுனியின் பக்கங்கள் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அதே முள்ளை அடுத்த தட்டில் வைத்தால் தேய்ந்த அந்த விளிம்புகள் உளியாகிப் பள்ளத்தைச் சீவும். கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறமான தட்டுகளில் பல இப்படிச் சீவப்பட்டவைதான். ஒரு டப்பா முள் மலிவு. தட்டு திரும்பக் கிடைக்காது. மின்சார டர்ன்டேபிளில் எல்பி முள்ளை வைக்காதீர்கள். அதன் நுனி 18 மைக்ரான் அளவு, 78 தட்டுக்கு 65 முதல் 75 வரை வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும், பாட்டைவிடச் சரசரப்பே கேட்கும். எல்பியைக் கிராமபோனில் வைப்பது இதைவிட மோசம், ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

அடுக்கும்போது படுக்கவைத்துக் குவித்தால் அடித்தட்டுகள் விரிசல் விடும். நிமிர்த்தி, சாயாமல், நெருக்கமாக வையுங்கள். 10 அங்குலத்தையும் 12 அங்குலத்தையும் கலக்காதீர்கள். பெரிய தட்டின் துருத்திய பகுதிக்குத் தாங்கல் இருக்காது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் கவர் ஈரத்தை அடைத்துவைக்கும். அமிலமில்லாத காகித உறை நல்லது. மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் பரண், சித்திரை மாதத்தில் தட்டுக்கு உகந்த இடமே இல்லை.