பெரிய பிரேக் வாங்கும் முன் ஆயிலை மாற்றிப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு), நாலு பிஸ்டன் காலிப்பர் (அந்தத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) என்று பணத்தைக் கொட்டும் முன், பிரேக் ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புது டாட் 4 தர ஆயில் ஊற்றுங்கள். இருபது வருடப் பழைய ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். சாலையில் மட்டும் ஓட்டுகிற காருக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 தான். மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப அழுத்தும்போது ஆயில் கொதித்துக் குமிழ் கட்டும். ஆயில் நசுங்காது, குமிழ் நசுங்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அதனால்தான். பிளீட் செய்யும்போது, அதாவது பழைய ஆயிலை வெளியேற்றும்போது, முதலில் காபி டிகாக்ஷன் நிறத்தில் வரும். தெளிவாக வரும்வரை நிறுத்தாதீர்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும்.

பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லையா? அது டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் சூடேறிய கோளாறு. ஆயில் மாற்றிப் பயனில்லை, நல்ல பேட் போடுங்கள். டிஸ்க் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கையே மாற்ற வேண்டும். அப்புறம், சிலிக்கான் வகையான டாட் 5 ஊற்றிய காரில் டாட் 4-ஐக் கலக்கவே கூடாது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் டாட் 5.1 வேறு, அது டாட் 4-உடன் சேரும்.