பழைய கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்காவிட்டால்

என் டெஸ்க்டாப்புக்கு வயது 14. ஒருநாள் காலை பட்டனை அமுக்கினேன். பேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. மதர்போர்டு போய்விட்டது என்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன். கடைசியில் அதை எழுப்பியது ஒரு பென்சில் ரப்பர். ஆகவே எதையும் வாங்க ஓடாதீர்கள். பெட்டி எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

பேன்கூடச் சுற்றவில்லையா? அதே பிளக்கில் வேறு ஏதாவது ஒன்றைச் செருகிப் பாருங்கள். பெட்டியின் பின்னால், உள்ளே மின்சாரம் கொடுக்கும் டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அணைந்திருக்கலாம். சிரிக்காதீர்கள், எனக்கு இருமுறை நடந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். மின் வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் ரேம் மேல்தான், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பலகை மேல். மின் வயரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உங்கள் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க, பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ரேமின் இரு முனையிலும் உள்ள கிளிப்பை விலக்கினால் அது தானாக மேலே எழும்பும். அடியில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பட்டைகள் மங்கியிருந்தால், மெத்தென்ற ரப்பரால் லேசாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சே போய்விடும். துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். திரும்பச் செருகும்போதுதான் பலரும் பயப்படுகிறோம். இரண்டு பெருவிரலாலும் நேராக அமுக்குங்கள், கிளிப் ‘டக்’ என்று மூட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

பீப் சத்தம் வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மதர்போர்டு நிரல்தான் பயாஸ்; பீப்பின் அர்த்தம் பயாஸுக்குப் பயாஸ் மாறும். மதர்போர்டு கையேட்டில் இருக்கும்.

தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் எஃப்1 அமுக்கச் சொல்கிறது என்றால் மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032, 3 வோல்ட். மாற்றுவது ஒரு நிமிட வேலை. நான் மாட்டிக்கொண்டது அதற்கப்புறம்தான். புது பேட்டரி போட்டதும் விண்டோஸ் நீலத் திரையில் நின்றது, எண் 0x0000007B. ஹார்டு டிஸ்க்தான் போச்சு என்று இரண்டு மணி நேரம் புலம்பினேன். விஷயம் இவ்வளவுதான்: பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் அமைப்புகள் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிட்டன, சாட்டா மோடு (ஹார்டு டிஸ்க்கோடு மதர்போர்டு பேசும் முறை) ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஈக்கு மாறிவிட்டது. மறுபடி ஏஹெச்சிஐ வைத்ததும் சமர்த்தாக எழுந்தது. பயாஸுக்குள் போக முடிகிற நிலையில், பேட்டரியைத் தொடும் முன் அங்குள்ள ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பூட் ஆக டிஸ்க்கே இல்லை என்று திரையில் வந்தால், செருகி மறந்த பென் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டினால் விஷயம் வேறு. திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள்; ஒவ்வொரு தடவையும் உங்கள் போட்டோக்கள் கைநழுவும் ஆபத்து கூடும்.

எழுந்த சில நிமிடத்தில் தானாக அணைந்தால் ப்ராசஸர் மேல் உள்ள பேன் சுற்றுகிறதா, அடியில் தூசி மெத்தை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் உருளையான கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் நம் கை வேலை அத்தோடு சரி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்து ஓடினாலும் பக்கவாட்டு மூடியை அன்றைக்கே ஸ்க்ரூ போட்டு இறுக்காதீர்கள். இரவெல்லாம் ஆறிக் கிடந்தபின் மறுநாள் காலை முதல் அமுக்கிலேயே எழுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.